மதினி சொன்ன சந்திர மண்டலக் கதை

யுத்தம் நடந்த காலத்தில் ஒருநாள், தென்காசிக்கு மேலே ஆகாய விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. நாங்கள் எல்லாரும் கொல்லையில் நின்று வாய் பிளந்து பார்த்தோம். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுப் புதிதாக வந்திருந்த மதினி மட்டும் என் காதோடு, "இத ஒரு பொம்பளப் பிள்ள ஓட்டுனா எங்கன போவா?" என்று கேட்டாள். கதை அங்கேதான் பிறந்தது.

அந்த வருஷம் சாரலுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கினோம். அருவியில் குளித்துவிட்டு வந்தால் பெண்களுக்குத் தலை காயவே சாயங்காலம் ஆகிவிடும். உள்கட்டில் சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போது மதினி சொல்லுவாள். சந்திர மண்டலத்துக்கு விமானம் ஓட்டிப் போன ஒரு பெண்ணின் கதை. அங்கே காற்று கிடையாது என்று அவள் தோல்பையில் காற்று அடைத்துக்கொண்டு போனாள். காலை உந்தினால் பனை உயரம் எழும்பினாள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

திரும்பி வரவேண்டிய நேரத்தில் அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கிவிட்டது. உன்னால் ஆகாது என்று ஊரார் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்துவிட்டது. கதை அந்த இடத்தில் இருக்கும்போதுதான் கூட உட்கார்ந்திருந்த எங்கள் பெரியம்மை வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, ஒரு ரசம் ஒழுங்கா வைக்கத் தெரியல. ஒனக்குச் சந்திர மண்டலத்துல என்ன சோலி?"

மதினியின் முகம் செத்துவிட்டது. மறுநாள் கெஞ்சிப் பார்த்தோம். தனக்குக் கதை சொல்ல வராது, விட்டுவிடுங்கள் என்றாள். அதற்கடுத்த நாளும் அதே பதில்தான். பெரியம்மை மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

பெரியவர்கள் காதுபடப் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அண்ணன் சுவரைப் பார்த்து, தாகமாக இருக்கிறது என்பான். மதினி செம்பை என்னிடம் கொடுத்து அனுப்புவாள். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் உள்கட்டு வாசலில் வந்து நின்றான். என்னவோ தப்பு நடந்துவிட்டது என்று அம்மா பதறி எழுந்தாள். அண்ணன் மதினியைப் பார்த்தே கேட்டான்.

"அந்தப் பிள்ள திரும்பி வந்தாளா இல்லையா? அது தெரியாம எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு. நீயே சொல்லு."

தினமும் உள்கட்டை மறைத்திருந்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறான், கள்ளன்.

காலம் கெட்டுவிட்டது என்று பெரியம்மை முணுமுணுத்தாள். மதினி அடுக்களைக்குள் ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஓடவில்லை. மெல்ல நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சந்திரனில் நின்ற அந்தப் பெண்ணுக்கு ரேடியோவில் வருவதுபோல் ஒரு குரல் கேட்டதாம். அவள்மேல் பிரியம் வைத்திருந்தவனின் குரல். எப்படி ஓட்டவேண்டும் என்று அவன் சொல்லித் தரவில்லை. அவனுக்கு அது தெரியவும் தெரியாது. நீ வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று மட்டும் சொன்னானாம்.

"பொறவு கை நடுங்கல. ஒத்தையிலதான் ஓட்டிட்டு வந்தா," என்றாள் மதினி. முன்கட்டு வரைக்கும் குரல் கேட்டது. எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நகரப் பார்த்தான். மதினி விடவில்லை.

"இருங்க. அடுத்தாப்ல அவ செவ்வாய்க் கிரகத்துக்குப் போகப்போறா. அதையும் கேட்டுட்டுப் போங்க."