ராஜாம்பாளின் தூக்கு

செல்வநாயகி பொறாமைக்காரி என்று ஊரார் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிவிடுவாள். பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. பக்கத்தில் இருப்பவள் எழுதிய கண் கொஞ்சம் திருத்தமாக அமைந்துவிட்டால், "எனக்கு வயிறு எரியுதுடி" என்பாள். சொன்னதும் எரிச்சல் அடங்கிவிடும். ஒரே ஒரு தடவைதான் சொல்லாமல் விட்டாள். அது மூன்று வருஷமாகப் புகைந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை எதிர்வீட்டுக்கு முதலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் இவள் வீட்டுக்கு வந்தாள். அவ்வளவுதான் குற்றம். செல்வநாயகி கல்யாணத்துக்குப் போனாள், மணமக்களை வாழ்த்தினாள், சாப்பிடாமல் திரும்பிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ராஜாம்பாள் தூக்கில் கொடுத்தனுப்பும் மொச்சைக்கொட்டை கருவாட்டுக் குழம்பும் நின்றது. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று கேட்டால் அவளுக்குச் சட்டென்று பதில் வராது.

2006 மே மாதம் வீடு மாற்றிக்கொள்ளும் பேச்சு வந்தது. அவள் புருஷன் பழமலைநாதனின் சிநேகிதர் ஒருவர் பாண்டிச்சேரியில் இருந்தார். அவர் மனைவி துர்காவுக்கு இந்த ஊர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு வேண்டுதல். செல்வநாயகிக்குக் கடல் பார்க்க ஆசை. லாட்ஜுக்கு எதற்குக் கொட்டிக் கொடுப்பது, ஒரு வாரம் அவர்கள் இங்கே, நாம் அங்கே என்று முடிவாயிற்று. செல்வநாயகி பீரோவில் பாதியைக் காலி செய்தாள். துவைத்த விரிப்பு போட்டாள். உப்பு ஜாடியைத் தலைதட்ட நிரப்பி, இட்லி மாவும் அரைத்து வைத்தாள். பாண்டிச்சேரி போய்ப் பார்த்தால் துர்கா இத்தனையும் செய்து, மல்லிகைச் சரமும் வாங்கி வைத்திருந்தாள். வயிறு லேசாக எரிந்தது.

ஆனாலும் அந்த வாரம் சுகமாகத்தான் போயிற்று. பக்கத்து வீட்டு அம்சவல்லியம்மாள் யாரோடும் ஒட்டமாட்டார் என்று துர்கா எச்சரித்திருந்தாள். அந்த அம்மாளோ செல்வநாயகியைத் தினமும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். கிளம்பும் அன்று ஆட்டோ வரைக்கும் வந்து கண் கலங்கினார்.

திரும்பி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. உப்பு ஜாடி மறுபடி நிரம்பியிருந்தது. சமையல் மேடையில் ஓர் எவர்சில்வர் தூக்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வெட்டியிருந்த பேரைப் படிக்கத் தேவையில்லை, அந்த நெளிந்த மூடியே போதும். எடுத்து முகர்ந்தாள். துர்கா எவ்வளவு தேய்த்திருந்தும் கருவாட்டு வாசனை போகவில்லை.

"வந்தவளுக்குக் கொழம்பு! பக்கத்துல கெடக்கறவளுக்கு ஒண்ணுமில்ல!" என்று பழமலைநாதனிடம் குமுறினாள்.

"ஏனத்தைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா," என்று அவர் பேப்பரைப் பிரித்தார்.

சாயங்காலம் துர்கா போன் செய்தாள். "அக்கா, பக்கத்து வூட்டுத் தூக்கு அங்க இருக்குது. தினமும் கொழம்பு குடுத்தாங்க. வெறும் ஏனமா குடுக்க மனசு வரல. ஏதாச்சும் போட்டுக் குடுத்துடுங்கக்கா." அதோடு போனை வைக்கவில்லை. "அம்சவல்லியம்மா உங்களை ஆட்டோ வரைக்கும் வந்து வழியனுப்புனாங்களாமே? நாலு வருஷமா எங்கிட்ட நின்னு பேசுனதில்ல. அப்படி என்னக்கா செஞ்சீங்க?"

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று செல்வநாயகிக்கா தெரியாது? ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு வயிறு குளிர்ந்தது. உற்சாகமாகக் கேசரி கிண்டினாள். ஆனால் தூக்கோடு ராஜாம்பாள் வாசலுக்குப் போய்க் கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது?

ராஜாம்பாள் வந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். "அந்தப் பொண்ணு மறுபடி எப்ப வருது?" என்றாள். மூன்று வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வராது. இனிமே வூட்டை யாருக்கும் குடுக்கறதா இல்ல."

"ஏன், நல்ல பொண்ணாச்சே?"

"நல்ல பொண்ணுதான். என் கொழம்பைப் பூராத் தின்னுட்டுப் போயிடுச்சு. எனக்கு வயிறு எரியுதுக்கா!" சொல்லிவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எரியட்டும்னுதான் தினமும் குடுத்தேன்," என்றாள் ராஜாம்பாள். "எம் பொண்ணு கல்யாணத்துல கை நனைக்காமப் போனியே, அன்னிக்கு எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்? உள்ள வா. சட்டியில கொஞ்சம் இருக்குது."