தண்ணீரில் ஊறிய மூன்று உறைகள்

1985ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் உள்ள சுருவிலில் நடந்தது இது. அப்போது நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள். எங்கள் ஒழுங்கையில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதமோ தந்தியோ வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தபால் முத்திரை சேர்க்கும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் தொற்றியது. விமானத் தபால் தொடங்கிய காலத்து முத்திரை ஒன்றாவது என் கொப்பியில் இருக்க வேண்டும் என்று ஆசை. அதை அறிந்த பக்கத்து வீட்டு அக்கா தகரப் பெட்டியிலிருந்து மூன்று உறைகளை எடுத்துத் தந்தார். மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போன அவருடைய பெரியப்பா 1930களில் அனுப்பியவை. உள்ளே கடிதங்கள் இல்லை. முத்திரையை எடுத்துக்கொண்டு, உறையைப் பழுதாக்காமல் திருப்பித் தரச் சொன்னார்.

மூலையை வெட்டினால் உறை பழுதாகிவிடும் அல்லவா? அதனால் உறைகளை முழுதாகவே ஒரு சட்டித் தண்ணீரில் போட்டேன். முத்திரைகள் அழகாகக் கழன்றன. உறைகளை நிழலில் உலர்த்தி, புத்தகத்துக்குள் வைத்து நேராக்கி, இரண்டு நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்து மை கரைந்து நீலத் திட்டாகியிருந்தது. அதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அக்கா உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போர் தொடங்கி, இளைஞர்களை ஊரில் வைத்திருக்கப் பயந்த காலம் அது. தன் தம்பியை மலேசியாவுக்கு அனுப்புவதற்காக, பெரியப்பா குடும்பத்துக்கு என்னைக் கொண்டே கடிதம் எழுதுவிக்க இருந்தாராம். அவர்களின் விலாசம் அந்த உறைகளின் பின்பக்கத்தில் மட்டுமே, ஆங்கிலத்தில், இருந்தது. ஊரின் பெயர்கூட வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

"நீர் படிச்சனீர்தானே. ரெண்டு நாள் கையிலை வைச்சிருந்தும் வாசிச்சுப் பாக்கேல்லையோ?"

கோபத்தில் அல்ல, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். நான் முத்திரையை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"என்ரை மலேசியாவைச் சட்டிக்குள்ளை கரைச்சுப் போட்டீர்," என்று பக்கத்தில் நின்ற அக்காவின் தம்பி சிரித்தார்.

வீட்டுக்கு ஓடி முத்திரைகளை எடுத்துவந்தேன். தபாற்கந்தோரில் குத்திய கறுப்பு மை கரைந்திருக்கவில்லை. ஊர்ப் பெயர் பொறித்த அந்த வட்டத்தின் பாதி முத்திரையிலும் மீதி உறையிலும் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் பொருத்தினேன். மூன்றாவதில் ஊர்ப் பெயர் கூடிவந்தது: ஈப்போ. தெருவும் வீட்டு இலக்கமும் போனது போனதுதான். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். அந்த ஊர்க் கோயில் பங்குச் சுவாமியாருக்குப் பெரியப்பாவின் பெயரைக் குறித்து எழுதுவோம் என்று அக்காதான் சொன்னார். எழுதினேன்.

நாலு மாதம் கழித்து, சுவாமியார் தேடிக் கண்டுபிடித்த பெரியப்பாவின் மகளிடமிருந்து பதில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா இறந்துவிட்டாராம். மகள் இன்னமும் அதே பழைய வீட்டில்தான் இருக்கிறாராம். சரியான விலாசத்துக்கு எழுதியிருந்தால் கடிதம் நேரே அவர் கைக்குப் போயிருக்கும். பதில் வருவதற்கு மூன்று வாரம் முன்புதான் தம்பி இரவல் சாரத்தைக் கட்டிக்கொண்டு படகேறி ராமேஸ்வரம் போயிருந்தார். அங்கே அகதி முகாமில் இருந்தார்.

 பெரியப்பாவின் மகளுக்குப் பதில் எழுத அக்கா என்னிடம் தாளை நீட்டினார்.

பழைய விமானத் தபால் சேர்ப்பவர்கள் முத்திரையைக் கழற்றாமல் உறையை முழுதாகவே வைத்திருப்பார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆனால், ஆங்கிலம் தெரிந்தவள் என்று யாராவது என்னைச் சொல்லும்போதெல்லாம், கையில் இருந்தும் வாசிக்காமல் விட்ட அந்த விலாசம்தான் இப்போதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.