புத்தூரில் விட்டுக்கொடுத்த முறை

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடத்தில், சுளுக்கிய காலோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் நகரியிலிருந்து வந்த ஒரு அக்கா, தறி வேலை செய்பவர். முறிந்த கையைத் துண்டில் தொங்கவிட்டிருக்கிறார். அழும் குழந்தையோடு ஒருவர் ஓடிவர, அக்கா தன் முறையை விட்டுக்கொடுக்கிறார். எனக்கும் தாமதமாகிறது, எரிச்சல் வருகிறது.

“உங்களுக்கு வலிக்கலையாக்கா?”

“வலிக்காம இருக்குமா? கொயந்த அழுதுக்கினு இருக்குது, நான் எப்டி முன்னாடி போறது?”

அடுத்து ஒரு முதியவரைத் தூக்கி வருகிறார்கள். அக்கா மறுபடியும் இடம் விட எழுகிறார். இந்தத் தடவை நான் முந்திக்கொள்கிறேன்.

“நீங்க உள்ள போங்கக்கா. பெரியவர் என் முறையில போகட்டும்.”

சிரித்துக்கொண்டே போகிறார். கதவு சாத்தியதும், “ஐயோ நைனா!” என்ற அலறல் தெருவரை கேட்கிறது. இவ்வளவு வலியோடா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்!