பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும்

சித்திரை வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று நினைத்தேன். ஒன்பது வயது மகள் நிவேதா அந்த மாதம் தண்ணீர்ப் பானையோடு குடியிருந்தாள். பாயை நனைக்கும் பழக்கத்தை விட்டு நாலைந்து வருஷம் ஆனவள், மறுபடி நனைக்கத் தொடங்கினாள்.

ஆண்டிமடத்தில் எனக்கு, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடை. கையில் இருக்கும் வேலையைவிட வாயில் இருக்கும் வேலை எனக்கு அதிகம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாகப் பார்த்து ஏதாவது சொன்னால் கடையே சிரிக்கும். அன்றும் அப்படித்தான், குழாயில் ஏறிய தண்ணீரைக் கீழே இறங்காமல் பிடிக்கும் வால்வை வைத்துச் சொன்னேன்: "எங்க பாப்பாவுக்கு ஃபுட்வால்வு போயிடுச்சு. மேல ஏத்துன தண்ணி நிக்க மாட்டேங்குது."

எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த நிவேதா வாசலில் நின்றிருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவுவதைப் பார்த்தது என் மனைவி சுமதிதான். "புள்ள இளைச்சுக்கிட்டே போவுது. நீங்க சிரிச்சிக்கிட்டே இருங்க" என்றாள். அரியலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், உடனே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

டைப் ஒன் சர்க்கரை நோய் (கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் நிலை, இனிப்புத் தின்றதால் வருவதல்ல) என்றார் டாக்டரம்மா. "மாத்திரையில அடங்காது. ஆயுசு முழுக்க இன்சுலின் போடணும். நீங்க ரெண்டு பேரும் கத்துக்குங்க."

தலைமுடி கனத்துக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுகிற கை இது. பேனா ஊசியைப் (அளவைத் திருகி வைத்து அழுத்தும் இன்சுலின் ஊசி) பிடித்ததும் ஆடியது. "சார், நீங்க மொதல்ல உக்காருங்க. உங்களுக்கும் சேத்து பெட் தேட முடியாது" என்றார் நர்ஸ். வாழ்க்கையில் முதல்முறையாக வேறொருவர் சொன்ன நகைச்சுவைக்கு நான் பொருளானேன்.

சுமதி மருந்து வாங்கப் போயிருந்த நேரம். நிவேதா சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றைக் காட்ட மறுத்தாள்.

"எத்தனை நாளைக்குப்பா?"

கண்ணாடியை இறக்கினேன். "பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும்தான். லீவு முடிஞ்சா ஊசியும் அது வூட்டுக்குப் போயிடும்."

சட்டையைத் தூக்கிக் காட்டினாள். நான் எவ்வளவு கெட்டிக்காரத் தகப்பன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. சுமதியிடம் இதைச் சொல்லவில்லை. பொய்யைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் இருந்தது. ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நிவேதா, "இனிமே நானே போட்டுக்கிறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். கூச்சப்படுகிறாள் போல என்று அறைக் கதவைச் சாத்த விட்டோம். பேனாவில் மருந்து கணக்காகக் குறைந்தது. "என் பொண்ணு பாதி டாக்டராயிட்டா" என்று கடையில் அளந்தேன். சர்க்கரை பார்க்கும் கருவியில் அளவு ஏறியபோது பலாப்பழத்தின் மேல் பழி போட்டேன். எந்த அளவைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாள் சுவரில்தான் ஒட்டியிருந்தது. நான் போன் செய்யவில்லை.

ஐந்தாம் நாள் வாந்தி. வயிற்றுவலி. ஓடி வந்தவள்போல் மூச்சு. அந்த மூச்சில் அழுகிய பழ வாடை. கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை). மறுபடி பெரம்பலூர். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு எங்கள் முகத்துக்கு நேரே மூடியது.

"தவறாம ஊசி போட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"போட்டோம்."

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன சுமதி அங்கிருந்து போன் செய்தாள். "அவ தலகாணி ஆஸ்பத்திரி மாதிரி வாசம் அடிக்குதுங்க. மோந்து பாத்தேன். இன்சுலினுங்க, அது."

மூன்றாம் நாள் நிவேதா தெளிந்தாள். உதடு வெடித்திருந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று மெல்லக் கேட்டேன். நான் கேட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பள்ளிக்கூடம்தான் திறந்திருச்சேப்பா. நீதான சொன்ன."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன்னத்தான் திட்டுவாங்க."

என்னைக் காப்பாற்றத்தான் தலையணைக்கு ஊசி போட்டிருக்கிறாள். டாக்டரம்மாவிடமும் சுமதியிடமும் போய் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். சுமதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டாக்டரம்மா, "அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

கட்டிலருகே உட்கார்ந்தேன். "ஊசி எப்பவும் உண்டும்மா. படிச்சு முடிச்சாலும், வேலைக்குப் போனாலும். நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நெசமா, சும்மாவா?"

"நெசம்."

"கண்ணாடியக் கழட்டிட்டுச் சொல்லு."

கழற்றிவிட்டு மறுபடி சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை ஓயாமல் தண்ணீர் குடித்து, படுக்கையை நனைத்து, இளைத்துப்போனால், சிரிக்காமல் அன்றைக்கே சர்க்கரையைப் பாருங்கள். எவ்வளவு நாள் என்று அது கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். அழும். அழட்டும். நான் ஒரு நாள் அழுகையை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். அதற்கு அவள் மூன்று நாள் மூச்சுக்குத் திண்டாடினாள்.

வீடு திரும்பி வெகுநாள் வரை என் பேச்சுக்கு அவள் சிரிக்கவே இல்லை. நான் எது சொன்னாலும் சுமதியின் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வாள். பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. வலிக்குமா? கண்ணாடியைக் கழற்று. வலிக்கும். சுற்றுலாவுக்கு விடுவார்களா? கழற்று. தெரியாதும்மா, கேட்கணும். இப்போது சில சமயம் சிரிக்கிறாள். சிரிப்பதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கிறாள். அந்தக் கணம் முன்பு கிடையாது. அதை வைத்தது நான்.

இரண்டு வருஷம் ஆகிறது. என் நாளை இப்போது அவளுடைய சாப்பாட்டு வேளைகள்தான் நகர்த்துகின்றன. அவள் விரலில் குத்தும் நேரத்துக்கு, கடையில் இருக்கும் என் விரல் நுனி குறுகுறுக்கிறது.

போன வாரம் சாயங்காலம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீயும் அம்மாவும் செத்துப்போயிட்டா, ஊசி போட்டாச்சான்னு யாருப்பா என்னக் கேப்பா?"

எமனுக்கே மோட்டார் ரிப்பேர் என்று தொடங்கும் நல்ல பதில் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. அவள் கையை நீட்டினாள். கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன். அது இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் முகம்கூட எனக்கு வெறும் புகை.

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா. நீயேதான் பாத்துக்கணும்."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. பேனாவைத் திருகும் சத்தம் கேட்டது. எட்டுச் சொடுக்கு. சரியான அளவு. மருந்து உள்ளே போனதும் ஊசியை எடுக்காமல் பத்து எண்ண வேண்டும். அவள் எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன்.

பத்து முடிந்தது. கண்ணாடியை அவள் திருப்பித் தரவில்லை. இன்னொரு கேள்வி இருக்கிறது போல. காத்திருந்தேன்.