தேதி போடாத போஸ்டர்

டிசைன் அக்கா என்றால் அந்தக் கடைவீதியில் தெரியாதவர்கள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி வங்கியில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால், சாய்ந்தால் முனகுகிற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கடைக்காரர்கள் போனில் அனுப்புவதற்கு விளம்பரப் போஸ்டர் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பல் டாக்டர், டியூஷன் சென்டர், செருப்புக் கடை, எல்லோருக்கும் அவள்தான். எந்த எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், எந்த நிறம் தள்ளிக்கொண்டே போகிற கட்டைவிரலை நிறுத்தும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இதற்கென்றே படித்தவர்கள் நாள் முழுக்கப் பேசுவதை அவள் பத்து நிமிடத்தில் செய்து முடித்துவிட்டு, "அடுத்து யாருங்க?" என்பாள்.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. போஸ்டரில் தேதி போடக் கூடாது. 'இன்றே கடைசி' என்று எழுதலாம். எந்த இன்று என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. செருப்புக் கடைக்காரர் அப்படி ஒரே போஸ்டரை வைத்து நாலு மாதம் ஓட்டினார். "நம்ம கடையில எல்லா நாளும் கடைசி நாள்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தேதி போட்டால் போஸ்டருக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. அப்புறம் யார் பகிர்வார்கள்?

அந்தக் கைப்பழக்கத்தில்தான் தப்பு நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், எதிர் வரிசை எலக்ட்ரீஷியன் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஐந்து வயது மகளுக்கு அவசர ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் எங்கேயும் கிடைக்கவில்லை. அக்கா செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டாள். மூக்கில் குழாயோடு குழந்தையின் படம், சிவப்பில் 'ஓ நெகட்டிவ் இன்றே தேவை', கீழே ஆஸ்பத்திரியின் பெயர், அப்பாவின் போன் நம்பர். ஏழே நிமிடம். போஸ்டர் காட்டுத்தீயாகப் பரவியது. இரண்டு மணி நேரத்தில் யாரோ ஒருவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் போஸ்டர் நிற்கவில்லை. 'இன்றே' என்றுதானே இருந்தது, பார்த்தவர்களுக்கெல்லாம் அவர்கள் பார்த்த நாள்தான் இன்று. நல்ல மனசுக்காரர்கள், பாவம், பதறிப்போய் அடுத்த பத்துப் பேருக்குத் தட்டிவிட்டார்கள். ஊர் ஊராக, குழு குழுவாக அது சுற்றிக்கொண்டே இருந்தது.

போன மாதம் குழந்தையின் அம்மா கடைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, தினம் பத்துப் போன் வருது. நம்பரை மாத்தினா அவருக்கு வேலைக்குக் கூப்பிடுறவங்க போயிடுவாங்கன்னு பொறுத்துக்கிட்டோம். இப்ப ஸ்கூல்ல ஒரு பிள்ளை போஸ்டரைக் காட்டி, நீ சாகப்போறியாமேன்னு கேட்டிருக்கு. எனக்கு இன்னும் சரியாகலையாம்மான்னு அழறா. நாலு நாளா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா."

வேறொருவராக இருந்தால், கையை விட்டுப் போனதற்கு நான் என்ன செய்வது என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார். அக்கா பழைய கோப்பைத் திறந்து பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "தப்பு என்னோடதும்மா. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டை ஒரு கையால் முடித்துக்கொண்டு, மறு கையால் போனில் அந்தப் போஸ்டர் வந்திருந்த ஒவ்வொரு பக்கமாகத் தேடித் தேடி எழுதினாள்: 'ரத்தம் கிடைத்துவிட்டது. குழந்தை நலம். தயவுசெய்து இதை அழித்துவிடுங்கள்.' ஒன்றை அணைத்தால் இரண்டு முளைத்தன. கடைசியில், லட்சக்கணக்கான பேர் பின்தொடர்கிற ஒரு பெரிய பக்கத்தின் சொந்தக்காரரைப் பிடித்தாள். அவர் பொல்லாதவர் இல்லை, வியாபாரி.

"அக்கா, அந்தப் படத்துக்குக் கீழதான் எனக்கு மெத்தைக்கடை விளம்பரமே வருது. ஒண்ணு பண்ணலாம். பாப்பா இப்ப நல்லா இருக்கற படம் ஒண்ணு குடுங்க. அப்போ, இப்போன்னு பக்கத்துல பக்கத்துல போடுவோம். பிச்சுக்கிட்டுப் போகும். பழசைத் தூக்கிடறேன்."

அவர் சொன்னது சரிதான் என்று அக்காவுக்குத் தெரியும். அது பிச்சுக்கொண்டுதான் போகும். கேட்டால் அந்த அம்மாவும் படத்தைக் கொடுத்துவிடுவாள்.

"அந்த முகத்தை ஊரெல்லாம் காட்டினது போதும் தம்பி" என்றாள். "மூஞ்சிதான் வேணும்னா என் மூஞ்சியைப் போட்டுக்கோ."

சொந்தக் கல்யாணப் படத்திலேயே பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவள் அவள். அன்று போனைக் காகிதக் கட்டில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு அதன் முன் நின்றாள். குழந்தையின் முகத்தைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்த போஸ்டர் கையில் இருந்தது.

"இதைச் செஞ்சது நான்தான். கடை விளம்பரத்துக்குப் பண்றமாதிரியே தேதி போடாம பண்ணிட்டேன். இதுல இருக்கற 'இன்று' முடிஞ்சு மூணு வருஷமாச்சு. அன்னைக்கே ரத்தம் கிடைச்சிடுச்சு. பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும், தயவுசெஞ்சு அழிச்சிடுங்க. ஏதாவது கேக்கணும்னா என் நம்பருக்குப் போடுங்க."

பெரிய பக்கம் பழசைத் தூக்கிவிட்டு அந்த வீடியோவைப் போட்டது. கண்டபடி திட்டியவர்களும் உண்டு. செருப்புக் கடைக்காரர் நேரிலேயே வந்து, "இன்றே கடைசி ரகசியத்தை இப்படி உடைச்சுட்டியேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பத்தே நாளில் எலக்ட்ரீஷியனின் போன் அடங்கியது. குழந்தை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். இப்போது அக்கா செய்கிற ரத்தப் போஸ்டர் எல்லாவற்றிலும் தேதி உண்டு, மணி உண்டு, அவளுடைய சொந்த நம்பர் உண்டு. கிடைத்ததும் 'கிடைத்தது' என்று இன்னொரு போஸ்டர் அதே வழியில் போகிறது. இப்படி ஒருத்தி ஒவ்வொரு தெருவிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நேற்று முற்பகல் ஒரு போன். பின்னால் ஏதோ பட்டறைச் சத்தம்.

"அந்த வீடியோ போட்டது நீங்கதானாம்மா?"

"ஆமாண்ணா" என்றாள் அக்கா, திட்டு வாங்கத் தயாராக.

"அன்னைக்கு ரத்தம் குடுத்தது நான்தாம்மா."

அக்கா மவுஸை விட்டுவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறமும் அந்தப் போஸ்டர் வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் குடுத்தது பத்தாமப் போச்சோன்னு நினைச்சேன். மறுபடியும் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்படிக் குழந்தை யாரும் இங்க இல்லைன்னுட்டாங்க. 'இல்லை'ன்னதும் நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். போஸ்டர்ல இருந்த அவங்க அப்பா நம்பருக்குப் போடத் தைரியம் வரல." பட்டறைச் சத்தம் தள்ளிப் போனது. "பொண்ணு நிஜமாவே இருக்குல்லம்மா?"

"இருக்கா அண்ணா. நல்லா இருக்கா. மூணாங்கிளாஸ் படிக்கிறா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மூணாங்கிளாஸா!" என்றார் அவர்.