நூல் பிடித்து வாங்கிய கார்

பத்திரம் எழுதுவது என் தொழில். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பாததை வைத்து இருபத்தாறு வருடங்களாகப் பிழைத்துவருகிறேன். அண்ணன் தம்பி பாகம் பிரிக்க வருவார்கள். "எங்களுக்குள்ள எதுக்குங்க அதெல்லாம் எழுதிக்கிட்டு, வாயாலயே பேசிக்கிட்டோம்" என்பார்கள். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "எழுத்துல இருக்கா? இல்லேன்னா அது இல்ல" என்பேன். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். மற்ற நேரங்களில் நான் மேசைக்கு அடியில் நாவல் படித்துக்கொண்டிருக்கும் ஆள்தான்.

அப்பேர்ப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு கார் வாங்கினேன். எழுதாமல் வாங்கினேன்.

என் மனைவிக்குப் புற்றுநோய் இடுப்பெலும்புக்கு இறங்கிவிட்டது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, என் வண்டியின் பின்னால் அவளால் உட்கார முடியவில்லை. கந்தர்வக்கோட்டையிலிருந்து ஆட்டோவில் போய் வந்தோம். ஆட்டோக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று தூக்கி உள்ளே வைப்போம். அவள் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு வருகிற அரிசி மூட்டையை ஆளைக் கூப்பிடாமல் தானே உருட்டி நிறுத்தியவள். மூன்றாவது தடவை தூக்கி வைத்தபோது சொன்னாள்: "மூட்டையத் தள்ளித் தள்ளி, கடைசில நானே மூட்டையாயிட்டேன்."

ஆட்டோக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஒன்ன யாரும் தூக்க மாட்டாங்க. நான் ஒரு கார் வாங்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஒங்களுக்கு சைக்கிளே நேரா ஓட்ட வராது" என்றாள்.

உண்மைதான். என் லைசென்ஸ் போட்டோவில் இருக்கிறவனுக்குத் தலையில் முடி இருக்கிறது. அந்த முடி இருந்த காலத்தில்தான் நான் கடைசியாகக் கார் ஓட்டியது. ஆனால் அன்றைக்கு எனக்கு வீரம் வந்திருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு மர நாற்காலி உண்டு. அதில் ஒரு தலையணையை மடித்துப் போட்டால், அவள் யார் துணையும் இல்லாமல் உட்கார்ந்து எழுந்துவிடுவாள். அதைவிடத் தாழ்ந்தால் எழ முடியாது, உயர்ந்தால் உட்கார முடியாது. பத்திரக் கட்டுகளைக் கட்டுகிற வெள்ளை நூலை எடுத்துத் தரையிலிருந்து தலையணை வரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். இதே உயரத்தில் சீட் உள்ள கார் வேண்டும். எனக்கு என் புத்திசாலித்தனம் ரொம்பப் பிடித்திருந்தது.

புதுக்கோட்டை சாலையில் பழைய கார் விற்கும் ஒரு யார்டு இருந்தது. வைத்திருந்தவர் எனக்குப் பழக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்த இடத்துக்கே கிரயப் பத்திரம் எழுதியது நான்தான். அவருடைய சித்தப்பா ஒரு நடைபாதையை வாயால் விட்டுக்கொடுத்திருந்தார். "எழுத்துல வரணும் தம்பி" என்று வற்புறுத்தி அதைப் பத்திரத்தில் ஏற்றினேன். பின்னால் சித்தப்பா மகன்கள் வேலி போட வந்தபோது அந்த ஒரு வரிதான் அவரைக் காப்பாற்றியது. ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்து திரிந்தார்.

யார்டில் ஒவ்வொரு காராகக் கதவைத் திறந்து, குனிந்து, நூலைத் தரையில் ஊன்றி சீட்டுக்குப் பிடித்துக்கொண்டே போனேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, காருக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டார். அதன்பிறகு அவரே நூலின் மறுமுனையைப் பிடித்தார். ஒன்பதாவது கார் முடிச்சுக்குச் சரியாக நின்றது. வெள்ளைக் கார்.

"மதினியக் கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சுப் பாக்க முடியாதுல்ல?" என்றார். "பரவால்லண்ணே, நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. நாலு நாள் வச்சுப் பாருங்க. மதினிக்கு ஒத்துவரலேன்னா இங்கிட்டே கொண்டாந்து நிறுத்திட்டு வேற வண்டி எடுத்துக்கங்க. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"

என் பையில் அப்போது இரண்டு பேனா இருந்தது. முத்திரைத்தாள் கூட வேண்டாம், அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கம் ஒரு வரி போதும். ஆனால் என் மனைவியை மதினி என்று சொன்ன ஒருவரிடம் "அதை எழுதிக் கொடுங்க" என்று கேட்க வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் முறை வைத்துப் பேசிய பிறகு தாளை நீட்டுவது, விருந்து சாப்பிட்டுவிட்டு ரசீது கேட்பதைப் போல. என் கொட்டகைக்கு வந்து "எங்களுக்குள்ள எதுக்குங்க" என்று சொன்ன அத்தனை அண்ணன் தம்பிகளும் அந்த நிமிடம் என் பின்னால் வந்து நின்றிருக்க வேண்டும். பெயர் மாற்றும் காகிதங்களை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் சொன்னதைக் கேட்டவை அந்த நான்கு பழங்கள்தான், அவற்றையும் நானே கொன்றுவிட்டேன்.

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன். அவள் வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்தேன். திரும்பி நின்று, பின்னால் கையை ஊன்றி, மெதுவாக சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வலிக்கவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்.

"ஒயரம் சரியா இருக்குங்க!"

அதற்கப்புறம் காலை உள்ளே மடக்க வேண்டும். அங்கேதான் நின்றுபோனது. இடுப்பு திரும்பாமல் கால் உள்ளே வராது. கதவோ சின்னக் கதவு, முழங்கால் முன்பக்கப் பலகையில் இடித்தது. மூன்று முறை முயன்றாள். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து, "நான் காலத் தூக்கி வைக்கவாக்கா?" என்றாள். "வேணாம்டி" என்றாள் இவள். எனக்கு அந்த "வேணாம்டி" நன்றாகவே புரிந்தது. தூக்கக் கூடாது என்பதற்காக வாங்கிய கார்.

"நூல் புடிச்சு அளந்தீங்களே, என் காலுக்கும் ஒரு அளவு எடுத்திருக்கலாம்ல?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கதவைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்துப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காரை யார்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே கதவு அகலமாகத் திறக்கிற கார் ஒன்று நின்றது. அதை மனதில் குறித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

"ஒத்துவரல தம்பி. கால் உள்ள போக மாட்டேங்குது. நீங்க சொன்ன மாதிரி மாத்திக்கிறேன்."

"நான் என்னண்ணே சொன்னேன்?"

முதலில் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நாலு நாள் வச்சுப் பாருங்க, வேற எடுத்துக்கங்கன்னு சொன்னீங்கள்ல?"

"ஒத்துவரலேன்னா சொல்லுங்க, பாக்கலாம்னு சொல்லிருப்பேன். பாக்கலாம்ங்கிறது வேறண்ணே. பேரு மாத்த அனுப்பியாச்சு. ஒரு தடவ பேரு மாறுன வண்டிய நான் யாருகிட்டப் போய்த் தள்ளுவேன்?"

"மதினிக்காகன்னு சொன்னீங்க தம்பி."

அவர் மேசைக் காலண்டரைப் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல் கேட்டார்: "எழுத்துல இருக்காண்ணே?"

என்னால் கோபப்பட முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் போதனையை இவ்வளவு பிழையில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர். டீ வரவழைத்தார். குடித்தேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். டீ மட்டும் தவறாமல் வந்தது. அகலக் கதவுக் கார் ஒருநாள் அங்கே இல்லை. விற்றுவிட்டார்கள்.

பக்கத்துக் கொட்டகை எழுத்தர், "போன்ல ரெக்கார்டு போட்டுருக்கலாம்ல? நீங்கள்லாம் என்னத்தப் படிச்சு..." என்று தலையில் அடித்துக்கொண்டார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். ஒரு மத்தியானம் நோட்டீஸ் எழுதவும் உட்கார்ந்தேன். "மேற்படி நாளில் தாங்கள் வாய்மொழியாக" என்பது வரைக்கும் எழுதினேன். வழக்கு முடிய எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எத்தனை நாள் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். பேனாவை மூடினேன்.

"விடுங்க" என்றாள் கட்டிலிலிருந்து. "அது போகத்தான் லாயக்கில்ல. ஒக்கார நல்லாருக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாக்கரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நின்ற காரின் இடப்பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி, சீட்டின் ஓரத்தில், காலை வெளியே தொங்கவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் பிடிக்கவில்லை. எழுந்திருக்கும்போதும் யாரும் பிடிக்கவில்லை. அந்த முடிச்சு சரியாகத்தான் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அந்த சீட்டில்தான் அவளுடைய சாயங்காலம். அவள் கையால் சோறு வாங்கித் தின்ற பிள்ளைகள் இன்று பைக்கில் போகிற ஆட்களாகிவிட்டார்கள். நிறுத்திக் கேட்பார்கள்.

"எங்க டீச்சர் கெளம்பிட்டீங்க?"

"தஞ்சாவூருக்குத்தான்டா. டிரைவர் இன்னும் பேப்பர் படிச்சு முடிக்கல."

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேப்பரோடு உட்கார்ந்திருப்பேன். அவள் வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பதால், எனக்குத் தெரிவது அவள் முதுகும், மருந்தில் உதிர்ந்து மறுபடி முளைத்த குட்டை முடியும்தான். ஊரே பார்க்க, ஒரு அடிகூட நகராத காரில் இரண்டு மாதம் பயணம் போனோம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாடகை வேன். நான்கு பேர் போர்வையோடு தூக்கினார்கள். தூக்குகிற நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். யாரும் தூக்க மாட்டார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அதுவும் எழுத்தில் இல்லை. அவள் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை.

அவள் போன ஐந்தாம் நாள் யார்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். பந்தலில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. நேரே காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் எழுந்து போனேன்.

"அண்ணே, நான் சொன்னேண்ணே" என்றார். "மதினிக்கு ஒத்துவரலேன்னா கொண்டாங்கன்னு சொன்னேன். சொல்லிட்டுத்தான் இல்லேன்னுட்டேன். அந்த மாசம் யாவாரம் ரொம்ப மோசம். நாளைக்கே ஆள் அனுப்பி வண்டிய எடுத்துக்கறேன். பேசுனபடியே திருப்பிக்கலாம்."

இடப்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. சீட்டின் வெளியோரம் மட்டும், ஒரு ஆள் அளவுக்கு, அமுங்கிப்போய் பள்ளமாகக் கிடந்தது. உள்பக்கம் புதிது போலவே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

"நீங்க அப்பிடி ஒண்ணும் சொல்லலயே தம்பி" என்றேன்.

"சொன்னேண்ணே. சத்தியமாச் சொன்னேன்."

"எழுத்துல இருக்கா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவரும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து போனார்.

அவர் தெரு திரும்பும் வரை பார்த்துவிட்டு, பந்தலில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். மணி ஐந்தாகியிருந்தது.