பெரியம்மா முடி வெட்டிக்கொண்ட காரணம்

பெரியம்மா தன் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொள்ளப் போவதாக அறிவித்த கோடை விடுமுறையில் எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் பெண்கள் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்குப் போன அக்காமார்கள் முதல் சம்பளம் வாங்கிய கையோடு தோளளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெரியம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த வயசுலயா?" என்று கேட்டவர்கள் யாருக்கும் அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

எங்கள் வீடு கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், மே மாதம் பிறந்தால் என்னைச் செங்கல்பட்டில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே நான் ராணி. பெரியப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டாலும் ஸ்கேல் வைத்து அளந்துதான் மடிப்பார். பெரியம்மாவுக்கோ பொய் சொன்னால் பிடிக்காது. முந்தின வருஷம் ஒரு மாங்காய் விவகாரத்தில் என்னை 'இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்' என்று நூறு முறை எழுத வைத்தவர் அவர். கை வலிக்க வலிக்க எழுதி முடித்தபின் நான் உண்மைக்கே காவல்காரியாகிவிட்டேன். யார் பொய் சொன்னாலும் பிடித்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் பேசுவதற்கு ஆள் குறைந்துபோனதற்கு அதுதான் காரணம்.

பெரியம்மாவின் முடி மிகவும் மெல்லியது. எண்ணெய் வைத்தால் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும், வைக்காவிட்டால் நாலா பக்கமும் பறக்கும். பின்னினால் எலிவால், முடிந்தால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொண்டை. வேலையில் இருந்த காலத்தில் சவுரி வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோள்பட்டை இறுகிப் போனது. அதற்குப்பின் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தலை வாரிப் பின்னி விடுவது பெரியப்பாதான்.

இது அந்த வீட்டின் ரகசியம். காலையில் காபி குடித்ததும் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். பெரியம்மா முக்காலியில் உட்காருவார். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரப்பு எடுப்பது போல ஒரு வகிடு எடுப்பார். அப்படி ஒரு நேரான வகிட்டை நான் வேறு எந்தத் தலையிலும் பார்த்ததில்லை. மூன்று கால் எடுத்துப் பின்னி, நுனியில் கறுப்பு ரப்பர் போட்டு முடித்தபின்தான் கதவு திறக்கும். புருஷன் பெண்டாட்டிக்கு ஜடை பின்னுகிறான் என்பது பெரியப்பாவின் தங்கையான அத்தைக்குத் தெரிந்தால் அன்று மாலைக்குள் அச்சரப்பாக்கம் வரைக்கும் சேதி போய்விடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். சத்தியத்தை நான் ஒழுங்காகவே காப்பாற்றி வந்தேன்.

அந்த மே மாதம் போனபோது வீட்டில் ஏதோ சரியில்லை. வகிடு வளைந்து வளைந்து போயிருந்தது. பின்னல் மத்தியானத்துக்குள் அவிழ்ந்து தொங்கியது. ஒரு நாள் பின்னிக்கொண்டிருக்கும்போதே சீப்பு கீழே விழுந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "பெரியம்மா, உங்க வகிடு கோணலா கீது" என்று நான் சிரித்ததற்கு, பொய்யைத் தவிர வேறெதற்கும் என்னைக் கடிந்து பேசாத பெரியம்மா, "கோணலா இருந்தா உனக்கு இன்னா? போய்ப் பல்லு தேய்" என்று எரிந்து விழுந்தார். பல் தேய்த்து ஒரு மணி நேரமாகியிருந்தது. அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் மறுபடியும் போய்த் தேய்த்தேன்.

அதற்கு அடுத்த நாள்தான் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்றார். அதிலிருந்து என் தலை சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் வெயில் தாங்கவில்லை என்றார். போனில் என் அம்மாவிடம், தோள் வலிக்கிறது, தானே ஒற்றைக் கையால் வாரிக்கொள்ளும்படி இருந்தால் நல்லது என்றார். பெரியப்பாவிடம் சொன்ன காரணம்தான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நான் பின்னி விடறது உனக்குப் புடிக்கலியா?" என்று பெரியப்பா கேட்டார்.

"புடிக்காம இன்னா. எனக்கே அலுத்துப்போச்சு. இந்தக் காலத்துல யாரு இவ்ளோ நீளம் வச்சிக்கினு கஷ்டப்படறாங்க? கொஞ்சம் ஸ்டைலாத்தான் இருந்துட்டுப் போறேனே."

பெரியப்பா அன்று தோசையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். நாலு வருஷம் பின்னி விட்டவரிடம் அலுத்துப்போச்சு என்று சொல்வார்களா? எனக்குப் பெரியம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட, ஸ்டைல் என்று சொன்னவரின் கண் ஏன் கலங்கியிருந்தது என்பது புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு பஜார் பக்கம் ஒரு மாடியில் இருந்த அழகு நிலையத்துக்குப் போனார். வெட்டிக்கொள்ள அல்ல, விசாரிக்க மட்டும். அங்கே இருந்த பெண் பெரியம்மாவின் முடியை விரலில் அள்ளிப் பார்த்தாள். "ரொம்ப மெல்லிசு முடி ஆன்ட்டி. அடுக்கடுக்கா வெட்னா இன்னும் கம்மியாத் தெரியும். கழுத்தோட ஒரே லெவலா வெட்டிடுங்க, அடர்த்தியா கீற மாதிரி இருக்கும். குளிச்சிட்டு ரெண்டு வாரு வாருனாப் போதும்."

"ஒரு கையால வார முடியுமா? யாரு தொணையும் இல்லாம?"

"தாராளமா ஆன்ட்டி."

பெரியம்மா கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தார். மாடிப்படி இறங்கிய இடத்தில் காய்கறிப் பையோடு அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, மேல இன்னா வேலை உங்களுக்கு?"

பெரியம்மா ஒரு நொடி விழித்தார். பிறகு சொன்னார், "திருப்போரூர் முருகனுக்கு முடி வேண்டிக்கினு கீறேன். எவ்ளோ குடுக்கலாம்னு கேக்க வந்தேன்."

முடிக் காணிக்கைக்கு அளவு கேட்க யாராவது அழகு நிலையத்துக்குப் போவார்களா? ஆனால் அத்தை கேள்வியே கேட்கவில்லை. ஸ்டைலுக்கு வெட்டினால் ஊர் சிரிக்கும், சாமிக்கு என்றால் ஊரே வேன் ஏறும் என்பது பெரியம்மாவுக்குக்கூட அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். வேண்டுதலைத் தள்ளிப் போடக் கூடாது, நாள் பார்த்து எல்லோருமாகப் போய்விட்டு வரலாம், அப்படியே மகாபலிபுரம் கடலையும் பார்த்துவிடலாம் என்று அத்தை அங்கேயே முடிவு செய்துவிட்டார். ஒரு முடிவெட்டு, புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகும் குடும்ப விழாவாகிப்போனது. சாமி காரியம் என்று ஆனபின் பெரியப்பாவாலும் மறுத்துச் சொல்ல முடியவில்லை. உம்மென்று வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

திருப்போரூரில் முடி இறக்கும் இடத்தில் ஈரத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பிஞ்சுக் குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. பெரியம்மாவின் முறை வந்தது.

"மொட்டையாமா, பூமுடியா?" என்று கேட்டார் முடி இறக்குபவர். பூமுடி என்றால் மூன்று கொத்து மட்டும் நறுக்கிக் காணிக்கை கொடுப்பது.

பெரியம்மா குரலைத் தாழ்த்தி, "கழுத்து வரைக்கும், ஒரே லெவலா" என்றார்.

"இங்க அதெல்லாம் கெடையாதுமா. ரெண்டுதான் கீது."

எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். பூமுடி போதும், மூணு கொத்து குடுத்துட்டு வாங்க அண்ணி என்றார் அத்தை. மூன்று கொத்தோடு எழுந்தால் மறுநாள் காலையில் மறுபடியும் அதே முக்காலி, அதே பின்னல். பெரியம்மா எழுந்திருக்கவே இல்லை. அத்தைக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"ஆமா, இன்னாத்துக்கு வேண்டிக்கினீங்க? அதைச் சொல்லவே இல்லியே."

பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "உங்க அண்ணன் ஒடம்புக்கு."

எல்லோரும் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் கையைச் சட்டென்று துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். "எனக்கு இன்னா, நல்லாத்தானே கீறேன்?" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. வெயில் என்றார், வலி என்றார், அலுப்பு என்றார், சாமி என்றார். பொறுத்துக்கொண்டேன். இப்போது நல்லபடியாக இருக்கிற என் பெரியப்பாவை உடம்பு சரியில்லாதவர் என்கிறார். நான் எழுந்து நின்று கத்தினேன். "பொய்! பெரியம்மா பொய் சொல்றாங்க! பெரியப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. தெனமும் அவருதான் பெரியம்மாவுக்குத் தலை வாரிப் பின்னி வுடறாரு!"

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "அண்ணே, நீயா ஜடை பின்றே? அதான் பொங்கலுக்கு வந்தப்போ அண்ணி தலை அப்பிடிக் கோணிக்கினு இருந்துதா!" வேனில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சத்தியத்தை உடைத்துவிட்ட பயத்தில் எனக்கு அழுகை முட்டியது.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பெரியம்மாவின் எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்தார். "எப்பலேந்து தெரியும் உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தீபாவளிக்கு அப்புறம்" என்றார் பெரியம்மா.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன் என்பது தீபாவளிக்கே பெரியம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? நான் வந்ததே மே மாதத்தில்தானே?

பெரியப்பா முடி இறக்குபவரிடம் திரும்பினார். "தம்பி, கழுத்து வரைக்கும் எடுப்பா. நான் சொல்றேன்."

"கோணிக்கினு போனா என்னைக் கேக்கக் கூடாது சார்."

"கோணாது. நான் பாத்துக்கறேன்."

அங்கேயே ஈரத்தில் குந்தியபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரியப்பா அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற கணக்கில் அளவு சொல்ல ஆரம்பித்தார். இடது பக்கம் ஒரு நூல் இறக்கு. போதும். இப்போது பின்னால் போ. வலது பக்கம் தூக்கியிருக்கிறது, அரை நூல் எடு. கைகள் இரண்டும் துண்டுக்குள்ளேயே இருந்தன. கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். முடித்ததும் பார்த்தால், அந்தப் பெண் சொன்னது சரிதான். பெரியம்மாவின் முடி பாதியாகக் குறைந்தபின் இரண்டு மடங்காகத் தெரிந்தது.

மத்தியானம் மகாபலிபுரம் கடற்கரையில் காற்று பேயாக அடித்தது. அத்தையின் கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் அப்பிக்கொண்டது. பெரியம்மா இடது கையால் ஒரே தடவை கோதிவிட்டுக்கொண்டு நடந்தார். பெரியப்பா பக்கத்திலேயே நடந்தார். காலையில் அவ்வளவு கோபமாக இருந்தவர் எப்படி இவ்வளவு சாந்தமானார்? நான் போட்டு உடைத்ததால் வெட்கப்பட்டுப் போய்த்தான் சம்மதித்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். போய் மன்னிப்புக் கேட்டேன். என்னை வெறுமனே பார்த்துவிட்டு, சுண்டல் வேண்டுமா என்று கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியப்பாவால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. கை நடுக்கத்தோடு நிற்காமல், நடையும் பேச்சும் தளர்ந்தன. மருத்துவர், இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாராம். பெரியப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா மாதத்தோடு சொல்லிவிட்டாராம். சீப்பு நடுங்குவது அவருக்குத் தெரிவதற்கு முன்பே தன் தலைக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவிடம் பின்னால் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் அந்த மனிதர் ஒரு நேரான வகிட்டோடு போராடித் தோற்பதைப் பார்க்கப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை. உன்னால் முடியவில்லை என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் ஸ்டைல் பைத்தியம் என்ற பெயரைத் தானே வாங்கிக்கொள்ளப் பார்த்தார்.

இன்று நானும் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறேன். பெரியம்மா இன்னமும் அதே கழுத்தளவுதான். அந்தக் கோடையில் அவர் ஆளுக்கொரு காரணம் சொன்னார், எல்லாவற்றையும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். திருப்போரூரில் வேறு வழியில்லாமல் ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னார். அதைத்தான் நான் எழுந்து நின்று, எல்லோரும் கேட்கும்படி, பொய் என்றேன்.